அஞ்சறையும் அரை அறையும்

கண்ணாடிக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டு என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் இருந்திருந்தால் சொந்தக்காரர்கள் எப்போதோ மன்னித்திருப்பார்கள். அவர் தன் கையால் மரத்தில் பரிசு செய்து கொடுப்பார்.

பரிசு கொடுப்பதா கெட்ட பழக்கம் என்று கேட்பீர்கள். வாங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முக்காலி, ஒரு பென்சில் பெட்டி என்று செய்து கொடுத்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? இவர் அதோடு விட மாட்டார். வாங்கப்போகிற ஆளுக்கு என்னென்ன பொழுதுபோக்கு உண்டோ அத்தனையையும் துப்பறிந்து, எல்லாவற்றையும் ஒரே சாமானுக்குள் திணித்தால்தான் அவர் மனசு ஆறும். “ஒரு ஆளோட எல்லாப் பைத்தியமும் ஒரே பெட்டியில அடங்கணும். இல்லாட்டி அதைக் கடையிலயே வாங்கிக்கலாமே” என்பது அவர் கட்சி.

தங்கையின் வீட்டுக்காரருக்கு சைக்கிள் ஓட்டப் பிடிக்கும், பறவை பார்க்கவும் பிடிக்கும். ரொம்ப நல்லது. இவர் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுகிற மாதிரி ஒரு பறவைக்கூடு செய்தார். குட்டி வாசல், சரிவான கூரை, உட்கார ஒரு குச்சி, எல்லாம் கச்சிதம். ஓடுகிற சைக்கிளுக்கு எந்தப் பறவை குடித்தனம் வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் இல்லையா? மச்சான் தங்கமான மனுஷர். ஒரு வாரம் அதோடுதான் ஆபீஸ் போனார். பிறகு செயின் அறுந்துவிட்டது என்று சொல்லி பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்.

கடை முதலாளிக்கு மீன் பிடிப்பதிலும் சீட்டாட்டத்திலும் ஆசை. அவருக்கு ஒரு தூண்டில் பெட்டி. மூடியைத் திருப்பிப் போட்டால் சீட்டாடுகிற பலகை. முதல் ஞாயிற்றுக்கிழமையே ராஜா, ராணி, ஜாக்கி மூவரும் தூண்டில் முள்ளில் மாட்டிக்கொண்டார்கள். முதலாளி இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வேலைக்காரன் நல்லவன், எதற்கு மனசு நோகடிப்பது என்று விட்டுவிட்டார்.

வேலை என்றதும் நினைவு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் பிரேம்கள் அடுக்கிய அலமாரி, சுவரில் யானையாகத் தொடங்கி எறும்பாக முடிகிற எழுத்து அட்டை, அதற்குக் கீழே முதலாளி. பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் லென்ஸ் அரைக்கிற இயந்திரம், அதற்கு முன்னால் நம்மவர். நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மாடி வீட்டில் மேலே தங்கை குடும்பம், கீழே இவரும் இவர் மரமும். சோபா இருக்க வேண்டிய இடத்தில் வேலைமேஜை, திரைச்சீலை தொங்க வேண்டிய இடத்தில் ரம்பங்கள், எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் பின்பக்கம் மரத்தூள். “எல்லா ஊர்லயும் கட்டைப் பிரம்மச்சாரி இருப்பாங்க. எங்க வீட்டுல இருக்கிறவரு கட்டையோட குடித்தனம் நடத்துற பிரம்மச்சாரி” என்று தங்கை அறிமுகம் செய்து வைப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாய்க்குப் பூட்டே கிடையாது. அண்ணனுக்குச் சேர வேண்டிய பேச்சையும் அவளே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாள்.

அண்ணன் பேசாமல் போனதில் பெரிய நஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அது தபால்காரம்மா.

தினமும் பதினொன்று இருபதுக்கு அவர் வருவார். தோளில் பை, பின்னால் இரண்டு தெருநாய். எல்லா ஊரிலும் நாய்கள் தபால்காரரைத் துரத்தும். இங்கே வழியனுப்பி வைக்கும், காரணம் பையில் கடிதத்தோடு பிஸ்கட்டும் இருக்கும். பதினொன்றே கால் ஆனதும் முதலாளிக்கு உள்ளே ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அவரும் ஒரு காலத்தில் காதலித்தவர்தான், விவரம் தெரியாதா? தபாலைக் கண்ணாடிக்காரர் வாங்குவார். “தபால்.” “வாங்க.” “கையெழுத்து.” “போட்டாச்சு.” அவ்வளவுதான். மூன்று வருடம் இருவரும் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் இடம் மிச்சமிருக்கும். அந்த நாலு வார்த்தைக்காக மனுஷர் தினமும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டார் என்பது தங்கைக்கு மட்டும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை தபால்காரம்மா ஐந்தாவதாக ஒரு வாக்கியம் சொன்னார். “அடுத்த வெள்ளிக்கிழமையோட நான் இங்க வர்றது கடைசி. பதவி உயர்வு குடுத்திருக்காங்க. மலையடிவாரத்துல ஒரு சின்ன தபால் ஆபீஸ், அதுக்கு நான்தான் பொறுப்பு. பஸ்ல நாலு மணி நேரம்.”

“நல்லது” என்றார் கண்ணாடிக்காரர்.

நல்லதாம்! அவர் தலையில் இடியே விழுந்திருந்தது, வாயில் வந்தது ‘நல்லது.’ உள்ளே போய் ஒரு லென்ஸை இயந்திரத்தில் வைத்தார். யாரோ ஒரு பெரியவருக்கான லென்ஸ். எடுத்துப் பார்த்தபோது அது சட்டைப் பொத்தான் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

சாயங்காலம் தங்கையிடம் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மூணு வருஷமா நானும் கரடியாக் கத்திட்டிருக்கேன். போய்ச் சொல்லு அண்ணா.”

“என்னன்னு சொல்றது?”

“பிடிச்சிருக்குன்னு சொல்லு. ஏழே எழுத்து. விரல் விட்டு எண்ணிப் பாரு.”

அவர் உண்மையாகவே எண்ணிப் பார்த்தார். “ஏழு எழுத்து எனக்கு ஜாஸ்தி. நான் ஒண்ணு செஞ்சு குடுத்துடறேன். அது சொல்லும்.”

“எது, பெட்டியா? பெட்டி பேசுமா?”

“என் பெட்டி பேசும்.”

“பேசும், பேசும். எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல பேசின மாதிரிதானே?”

ஆனாலும் அண்ணன் மூஞ்சியைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. எட்டு நாள்தான் இருக்கிறது. இந்த எட்டு நாளில் மனுஷர் வாயைத் திறக்காவிட்டால் ஆயுசுக்கும் லென்ஸும் கட்டையுமாகவே போய்விடுவார். சரி, பெட்டியாவது பேசித் தொலைக்கட்டும் என்று துப்பறிகிற வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் கிடந்த பழைய செருப்பு ஒன்றைப் பார்சல் கட்டி எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனாள். அந்தப் பார்சல் எந்த விலாசத்துக்குப் போனது, அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு கதை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினாள்.

“எழுதிக்கிட்டே வந்துட்டேன்” என்று பரீட்சைத் தாளின் பின்பக்கத்தை அண்ணனிடம் நீட்டினாள். “சாயங்காலம் சிநேகிதிகளோட சேர்ந்து பாடுவாங்களாம். மாடி நிறையச் செடி வச்சிருக்காங்களாம். குறுக்கெழுத்துன்னா சாப்பாடு வேண்டாமாம். நாய் விஷயம் உனக்கே தெரியும். ஆனா அண்ணா, கடைசி வரியைப் படி. அதுதான் முக்கியம்.”

கடைசி வரியில் இப்படி இருந்தது: ‘அஞ்சறை கட்டை. அதுக்கு மேல தாங்காது.’

“இது என்ன?”

“அதைத்தான் சொல்ல வர்றேன்! பாட்டைப் பத்திப் பேசிட்டே இருந்தோம், சடார்னு சொல்றாங்க, ‘நமக்கு இந்தக் கட்டைதான் சரி, அதுக்கு மேல போனா தாங்காது’ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் கட்டையைப் பத்தி மூச்சுக்கூட விடல, சத்தியமா! நீ மரத்துல செஞ்சு குடுக்கிறவன்னு அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கடைத்தெருவுல யார்தான் சொல்லல? நான் உன் தங்கச்சின்னும் தெரிஞ்சிருக்கு. ஜாடையா அளவு சொல்லி அனுப்புறாங்க!”

பாட்டு தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். சிரிக்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தங்கையும் உங்கள் கட்சிதான். அந்த வீட்டில் ரேடியோவைக்கூடச் செய்திக்கு மட்டும்தான் போடுவார்கள். பிறந்ததிலிருந்து ‘கட்டை’ என்றால் அவர்களுக்கு மரம், வேறு அர்த்தம் காதில் விழுந்ததே இல்லை.

“அவங்களே கேட்டாங்களா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“பின்ன? நானா கற்பனை பண்ணினேன்?”

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தபால்காரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கோபப்படாமல் அளவு சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்படியென்றால் அவள் மனசிலும் ஏதோ இருக்கிறது! மூன்று வருடத்தில் முதல்முறையாக மனுஷர் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டார்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருவோம். தங்கைக்குக் கணக்கில் நூறு, எழுத்தில் பூஜ்யம். சின்ன ரகரமும் வல்லின றகரமும் அவளுக்கு ஒன்றுதான், எது பேனாவில் முதலில் வருகிறதோ அதைப் போடுவாள். அவள் காதில் விழுந்தது ஐந்தும் பாதியும், அதாவது அஞ்சரை. எழுதினது அஞ்சறை. படித்தவர் பெட்டி செய்கிற ஆள். அறை என்று பார்த்தால் அவருக்குப் பெட்டிக்குள் தடுக்கிற அறைதான் தோன்றும். ஐந்து அறை வைத்த மரப்பெட்டி. அதற்கு மேல் அறை வைத்தால் பாரம் தாங்காது. தபால்காரம்மா எவ்வளவு தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்! இதில் சந்தேகம் கேட்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலையிலேயே மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த தேக்குக் கதவுப் பலகை ஒன்று இருந்தது. யாருக்குமே தராமல் வைத்திருந்த பலகை. அதை எடுத்து இழைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழைப்புளிச் சத்தம்தான், மேல் வீட்டில் டிவி பேசுவதே கேட்கவில்லை என்று மச்சான் சாடையாக இருமினார்.

முதல் அறை பாட்டுக்கு. பாட்டு நோட்டு படுத்துக்கொள்ளும் இடம். பெட்டியின் மூடியை நிமிர்த்தினால் அதுவே நோட்டைத் தாங்கி நிற்கும். இரண்டாவது அறை செடிக்கு. விதை போட்டுவைக்கச் சின்ன இழுப்பறை, கட்டை விரல் அளவில் ஒரு மண்கொத்தி. மூன்றாவது குறுக்கெழுத்துக்கு. முதலில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிச் சில்லாகச் செதுக்கலாம் என்றுதான் உற்சாகமாகக் கிளம்பினார். ‘அ’விலிருந்து ஆரம்பித்து ‘னௌ’ வரைக்கும் கணக்குப் போட்டபோது இருநூற்று நாற்பத்தேழு வந்தது. மிச்சமிருக்கிற நாளில் ஆகிற காரியமா? அதனால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் பதித்த ஒரு பலகை, பென்சிலுக்கு ஒரு பள்ளம், அத்தோடு நிறுத்திக்கொண்டார். நான்காவது அறை நாய் பிஸ்கட்டுக்கு. வாசனை வெளியே வராதபடி இறுக்கமான மூடி.

ஐந்தாவது அறைதான் முட்டுக்கட்டை. தங்கையின் பட்டியலில் நான்கு பைத்தியம்தான் இருந்தது.

“ஒரு பொழுதுபோக்கு குறையுது” என்று தங்கையிடம் போய் நின்றார்.

“நான் இன்னொரு செருப்பு அனுப்ப முடியாது. நீயே கேளு.”

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்குக் கேட்க முயன்றார். “உங்களுக்கு வேற என்ன…” என்று தொடங்கினார்.

“எனக்கு வேற என்ன?” என்றார் தபால்காரம்மா.

கண்ணாடிக்காரர் அவசரமாகத் தபாலைப் புரட்டினார். “உங்ககிட்ட வேற என்ன தபால் இருக்குன்னு கேட்டேன்.”

“இவ்வளவுதான். ஏன், ஏதாவது முக்கியமான கடிதம் எதிர்பார்க்கிறீங்களா?”

“இல்ல” என்றார், காது வரைக்கும் சிவந்துபோய். உள்ளே யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். முதலாளியைத் தவிர வேறு யார்?

ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கவனித்தார். தபால்காரம்மா விலாசம் படிக்கும்போது கடிதத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்தார். போன மாதம் பிடித்ததைவிட இன்னும் கொஞ்சம் தூரம். நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் கை நீளும், கண்ணாடிக் கடையில் இருபது வருடம் உட்கார்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ள இந்த அம்மாவுக்கு வீம்பு என்பதும் புரிந்தது. குறுக்கெழுத்துக் குறிப்பு எல்லாம் பொடி எழுத்து, பாவம், எப்படித்தான் படிக்கிறாரோ! அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு லென்ஸை எடுத்துப் பூதக்கண்ணாடிக்காக அரைத்தார். அவசரமே இல்லாமல், விரல் நுனியால் தடவித் தடவி அரைத்தார். தேக்கில் ஒரு பிடி கடைந்து மாட்டினார். ஐந்தாவது அறைக்கு ஆள் வந்துவிட்டது. மற்ற நாலும் தங்கை கேட்டுச் சொன்னவை. இது மட்டும் அவரே பார்த்துத் தெரிந்துகொண்டது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

புதன்கிழமை சாயங்காலம் தங்கை வந்து பார்த்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நின்றது பெட்டி. அவள் வாயடைத்துப் போனாள், ரொம்ப நேரம் இல்லை, ஒரு நாலு நொடி.

“அழகா இருக்கு அண்ணா. நெஜமாவே அழகா இருக்கு. ஆமா, எத்தனை கட்டை போட்டிருக்கே?”

“கட்டையா? பதினேழு துண்டு.”

“பதினேழா? அஞ்சரைன்னு அவ்வளவு தெளிவா எழுதிக் குடுத்தேனே!”

“அஞ்சு அறைதானே இருக்கு? எண்ணிப் பாரு.”

“அறை இல்ல, அரை! பாதி! அஞ்சும் பாதியும்! நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரியாதா அஞ்சரைன்னா என்னன்னு?”

அவர் அந்தத் தாளை எடுத்து வந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். “இது என்ன எழுத்து?”

அவள் பார்த்தாள். அசடு வழிந்தாள். “அது ‘ர’தான். கொஞ்சம் பெருசா விழுந்துடுச்சு.”

“உனக்கு ஒரு அறை விட்டா ஆறறை ஆயிடும்!” என்றார் அண்ணன். மூன்று வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான கோபம் அது.

இருவரும் வேலைமேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஐந்தரைத் துண்டு மரத்தில் ஒரு பெட்டி எப்படிச் செய்வது? பாதித் துண்டு என்றால் எதில் பாதி? இப்படிக் குழப்பமாக யாராவது அளவு சொல்லி அனுப்புவார்களா என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பிடித்தவர் சொன்னால் எல்லாம் நியாயமாகத்தான் தெரியும். கடைசியில் தங்கைதான் சமாதானம் கண்டுபிடித்தாள். ஐந்து அறை இருக்கிறது, கூடவே ஒரு அரை அறை வைத்துவிட்டால் இரண்டு கணக்கும் சரியாகிவிடும். அறையும் அஞ்சு, கூடவே அரையும் உண்டு. யாரும் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலையில் பெட்டியின் ஓரத்தில் அந்த அரை அறை ஏறியது. அகலம் மற்ற அறைகளில் சரி பாதி, அங்குலக்கோல் வைத்து அளந்தது. அதற்குள் என்ன வைக்கலாம் என்று இருவரும் பார்த்தார்கள். நோட்டு போகாது, பென்சில் படுக்காது, பிஸ்கட்டை உடைத்தால் பாதி போகும். சும்மாவே விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டி செய்தித்தாளில் சுற்றிக் கடைமேஜை மேல் இருந்தது. கண்ணாடிக்காரர் பத்து மணியிலிருந்து ஒரு லென்ஸையும் தொடவில்லை. முதலாளி பதினொன்றே காலுக்குத் தடுப்புக்குப் பின்னால் போய், பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டார். பதினொன்று இருபதுக்கு நாய்கள் வந்தன, பின்னாலேயே தபால்காரம்மா வந்தார்.

“தபால்.”

“வாங்க. இது… உங்களுக்கு.”

அவர் பையை இறக்கி வைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். முகம் மாறியது. மூடியை நிமிர்த்தினார், நோட்டுக்கான தாங்கி எழுந்து நின்றது. இழுப்பறையை இழுத்தார். கட்டம் பதித்த பலகையை விரலால் தடவினார். பிஸ்கட் மூடியைத் திறந்ததும் வாசலில் இரண்டு வால்கள் ஆடின. பூதக்கண்ணாடியை எடுத்து, கையிலிருந்த கடிதத்தின் மேல் பிடித்தார். இந்தமுறை கை நீளவில்லை. கடிதம் மூக்குக்குப் பக்கத்திலேயே நின்றது.

“இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?”

“தங்கச்சி. கண்ணாடி மட்டும் நானே…”

“அந்தப் பார்சல் டீச்சரா! ஒன்றரை மணி நேரம் என்னைக் குடைஞ்சு எடுத்தாங்க. நான் ஏதோ கணக்கெடுப்புன்னு நெனச்சு எல்லாத்தையும் ஒப்பிச்சேன்.” சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பியவர் ஓரத்தைப் பார்த்தார். “இந்தச் சந்து எதுக்கு?”

“அதுதான் அரை.”

“எந்த அரை?”

“நீங்க சொல்லி அனுப்பினீங்களே. அஞ்சரைக் கட்டை. முதல்ல அஞ்சு அறைன்னு செஞ்சுட்டேன். அப்புறம்தான் பாதின்னு தெரிஞ்சுது, அதனால…”

தபால்காரம்மா அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு கண் சோதிக்கிற நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார். நாய்கள் பயந்து இரண்டடி பின்னால் போயின.

“ஐயோ, அது என் சுருதி!” என்றார் ஒருவழியாக. “குரல் எவ்வளவு உயரம் போகும்னு சொல்ற கணக்கு. ஆர்மோனியத்துல அமுக்குற கட்டை இருக்குல்ல, அதுல அஞ்சாவது வெள்ளைக்கும் ஆறாவதுக்கும் நடுவுல ஒரு கறுப்பு. அது அஞ்சரை. அதுக்கு மேல பாடினா என் தொண்டை தாங்காது. பாட்டைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன்!”

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறொன்று மெதுவாக விளங்கிக்கொண்டிருந்தது. “அப்ப நீங்க பெட்டி கேக்கலையா?”

“நான் எதுக்கு உங்ககிட்ட பெட்டி கேக்கப் போறேன்?” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “அது சரி, கடையில எல்லாரும் சேர்ந்து குடுக்கிறீங்களா? ரொம்ப நன்றி. முதலாளிகிட்டயும் சொல்லிடுங்க.”

இந்த ஒரு வாரம் அவரைத் தரையில் கால் பாவாமல் நடக்க வைத்த அத்தனையும் அந்த இரண்டு வரியில் போயிற்று. அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. ஜாடையும் இல்லை, அளவும் இல்லை. ஐந்தரை அறையும் பதினேழு துண்டுத் தேக்கும் சேர்ந்து அவளிடம் ‘கடையிலிருந்து வழியனுப்பு’ என்றுதான் சொல்லியிருக்கின்றன. அவர் பெட்டி பேசவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினால் எல்லாம் மரியாதையாக முடிந்துவிடும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு வேறு யாராவது வந்து ‘தபால்’ என்பார்கள்.

அவர் அந்தத் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தார். பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

“கடையில இல்ல” என்றார். “நான் மட்டும்தான்.”

தபால்காரம்மா நிமிர்ந்தார்.

“நீங்க போறது எனக்குப் பிடிக்கல. அன்னிக்கு நல்லதுன்னு சொன்னேன், பொய். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. மூணு வருஷமா. சொல்ல வரல. பெட்டி சொல்லும்னு நெனச்சேன்.”

தடுப்புக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்.

தபால்காரம்மா பூதக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தார். மறுபடியும் கையில் எடுத்தார். சிரிப்பெல்லாம் போய், முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்ணாடிக்காரரால் படிக்க முடியவில்லை. எழுத்து அட்டையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடுகிறவர், பாவம்.

“உங்களுக்கு எத்தனை கட்டை?” என்று கேட்டார் தபால்காரம்மா.

“வீட்டுலயா? தேக்கு கொஞ்சம் மிச்சம் இருக்கு. பெட்டிப் பலகை ஒரு பதினெட்டு…”

“ஐயோ கடவுளே, குரல்! உங்க குரல்!”

“நான் பாடினதே இல்லீங்க.”

“‘ஆ’ன்னு இழுத்துச் சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். “ஆ…”

“ஏம்ப்பா, இது கண்ணாடிக் கடையா, பல் ஆஸ்பத்திரியா?” என்று அடக்க முடியாமல் உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

தபால்காரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மெல்ல முனகிப் பார்த்து, அவர் குரலைத் தேடிக் கீழே கீழே இறங்கினார். கிணற்றில் வாளியை விடுகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனார். “ஒண்ணு” என்றார் முடிவாக. “ஒரே ஒரு கட்டை. அதுவும் தாராளமா மார்க் போட்டா. என்னுது அஞ்சரை. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடணும்னா நடுவுல நாலரைக் கட்டை வித்தியாசம்.”

கண்ணாடிக்காரர் தலை குனிந்தார். இவ்வளவு நாசூக்காகக்கூட ஒருத்தரை வேண்டாம் என்று சொல்லலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். “அப்ப முடியாது, இல்லையா?”

“முடியாதுன்னு யாரு சொன்னது? இவ்வளவு வித்தியாசம் இருந்தா ஒருத்தரே முழு தூரத்தையும் நடக்க முடியாதுன்னுதான் சொல்றேன்.” தபால்காரம்மா காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து ஒரு விலாசம் எழுதினார். “ஞாயித்துக்கிழமை தபால் ஆபீஸ் லீவு. சுருதியில நான் என்னால ஆனமட்டும் இறங்கி வர்றேன். நீங்க பஸ் ஏறி வாங்க.”

கண்ணாடிக்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

“வர்றேன்!” என்றார். கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

தபால்காரம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். “பாருங்க, இப்பவே அரைக் கட்டை ஏறிட்டீங்க.”